ஷிங்கோவின் இடது தோள்

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று குழந்தைகள் காப்பக வாசலில் இரோஹா அழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான்தான் சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து அழுகை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை அழாமல் போவது நல்லதா, இல்லை என்னை விட்டு இருக்கப் பழகிவிட்டாளா? பட்டம் வாங்கியவள் எழுதுகிற கேள்வியா இது. ஆனாலும் மனதில் ஓடியதை எழுதி வைக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. இயக்குநர் தொகுரா என் மேஜைக்கே வந்தார்.

"ஒனுமா சான், நீங்க ஸ்கூல்ல பேஸ்பால் ஆடினவங்களாமே? லெஃப்ட் ஹேண்டாமே?"

"ஆடல. வீசினேன்," என்றேன்.

சிரித்தார். வித்தியாசம் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. மூன்று வருடம் ஆண்பிள்ளைகளோடு விடிகாலையில் ஓடி, அவர்கள் அடித்துப் பழக நாள் தவறாமல் பந்து வீசியவள் நான். ஒவ்வொரு கோடையிலும் போட்டிக்கு முன்னால் பயிற்சியாளர் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு முதுகு எண் துணியைக் கொடுப்பார். பையன்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டையில் தைத்துக்கொண்டு வருவார்கள். என் பெயரைக் கூப்பிட விதி இல்லை. பெண்.

இப்போது எங்கள் ஸ்டூடியோவில் வரைந்து எடுக்கிற அனிமேஷன் தொடர், 'வெயில் ஏறும் மேடு', அப்படி ஒரு பள்ளிக் குழுவின் கதைதான். ஷிங்கோ என்கிற இடது கைப் பந்துவீச்சாளன் நாயகன். குழுவின் எடுபிடி, தண்ணீர், ஸ்கோர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் பெண் தமாகி. ஒன்பதாம் பகுதியில், மாவட்ட இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், தமாகி வீச்சாளன் நிற்கிற மண்மேட்டில் ஏறி, எதிரணி வீச்சாளன் எப்படி வீசுவானோ அப்படியே வீசிக் காட்டி நம் பையன்களைத் தயார் பண்ணுகிறாள். காட்சி காட்சியாக வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.

"அந்த ஷாட் உங்களுக்குத்தான்." எல்லார் முன்னாலும் சொன்னார் தொகுரா.

ரியோஹெயிடம் சொன்னேன். "அப்போ இன்னிக்காவது சீக்கிரம் தூங்கு," என்றான். என் கணவனுக்குத் தெரிந்த வாழ்த்து அவ்வளவுதான்.

ஏப்ரல் 17, புதன்

ஷிங்கோ பந்து வீசுகிற ஷாட்கள் மொகாமிக்கு. மொகாமி எங்கள் ஸ்டூடியோவின் நட்சத்திரம். அவர் வரைந்த ஷாட்டை ரசிகர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். ஆனால் அவருக்குப் பந்து வீசத் தெரியாது. அதனால் ஸ்டூடியோவுக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில் நான் வீச, அவர் செல்போனில் படம் பிடித்தார். பார்த்து வரைவதற்கு. பந்தைப் பிடிக்கிற கேட்சர், நெசு. யாருக்கு எந்த ஷாட், எப்போது கெடு என்று துரத்தித் துரத்தி வாங்குகிற பையன். தலையில் பைக் ஹெல்மெட், வயிற்றில் வரவேற்பறைக் குஷன்.

"மெதுவா வீசுங்க ஒனுமா சான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"மெதுவாத்தான் வீசினேன்."

"அப்போ இதவிட மெதுவா."

வலது காலை ஊன்றும்போது என் கால்விரல் சற்று உள்பக்கம் திரும்பும். பயிற்சியாளர் திருத்திப் பார்த்து ஓய்ந்த பழக்கம். மொகாமி அதைக் கண்டுபிடித்துவிட்டார். "இது, இதுதான் வேணும். இன்னொரு தடவை." இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மதியம் வரை.

சந்தோஷமாக இருந்தது. மாலையில் இரோஹாவைத் தூக்க இடது கை எழும்பவில்லை, அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

முப்பத்தேழரை டிகிரி காய்ச்சல். அந்தக் கோட்டைத் தாண்டினால் காப்பகத்திலிருந்து போன் வந்துவிடும். பிள்ளை சிரித்துக்கொண்டு விளையாடினாலும் சரி, உடனே வந்து கூட்டிப்போக வேண்டும். இந்த மாதத்தில் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பென்சிலை வைத்துவிட்டு ஓடினேன். வாயைச் சுற்றிக் கொப்புளம். வைரஸ். இந்த வாரம் முழுக்க வீடுதான்.

சாயங்காலம் நெசு போன் செய்தான். ஆறாம் பகுதியில் என்னிடம் இருந்த ஷாட்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டானாம். பாதி வரைந்து வைத்திருந்தேன்.

"நீங்க குழந்தையப் பாருங்க, இரோஹாம்மா. அதான் முக்கியம்."

இரோஹாம்மா. காப்பகத்தில் அப்படிக் கூப்பிடுவார்கள், அது முறை. இவன் எப்போது காப்பகத்தில் சேர்ந்தான்? ரியோஹெய் வேலை செய்கிற மருந்துக் கடையில் யாராவது அவனை இரோஹாப்பா என்று கூப்பிடுவார்களா?

மே 8, புதன்

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

விடுமுறை முடிந்து முதல் கூட்டம். தொகுரா என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தார்.

"ஒன்பதாம் பகுதில சின்ன மாத்தம். பொண்ணு மேட்டுல ஏறி வீசறது நம்பற மாதிரி இல்லன்னு கமிட்டில சொல்றாங்க." கமிட்டி என்றால் தொடருக்குப் பணம் போடுகிறவர்கள். "பேஸ்பால் தெரிஞ்சவங்க புகார் பண்ணுவாங்களாம்."

"போட்டில வீசக்கூடாதுங்கறதுதான் விதி," என்றேன். "பயிற்சில வீசறத யாரு தடுத்தா? நான் மூணு வருஷம் வீசினேன்."

"அது உங்க ஸ்கூல்."

"நம்பற மாதிரி இல்லன்னா, இப்ப உங்க முன்னாடி உக்காந்திருக்கறது யாரு?"

யாரோ இருமினார்கள். தொகுரா தேநீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"தமாகி வீசறதுக்குப் பதிலா, எல்லாருக்கும் சோத்து உருண்டை பிடிச்சுக் கொண்டு வர்றா. பசங்க சாப்பிடறாங்க. ஷிங்கோ கண்ணு கலங்கறான். அந்த ஷாட் உங்களுக்கேதான், ஒனுமா சான். குழந்தை பெத்த கை பிடிச்சா அந்த உருண்டைல ஒரு சூடு இருக்கும்."

மொகாமி ஆமோதித்தார். நெசு குறித்துக்கொண்டான்.

சூடாம். வீட்டில் நான் உருண்டை பிடிப்பது பிளாஸ்டிக் அச்சில். அமுக்கித் தட்டினால் விழும். அதுவும் அவசரத்தில் மூலை உடைந்து விழும். அழகாகக் கையால் பிடிக்கிறவன் ரியோஹெய்தான். அவனைக் கூப்பிட்டு வரையச் சொல்ல வேண்டியதுதானே.

எது எனக்கு ஆத்திரம்? என் ஷாட் போனதா? அதுவும்தான். ஆனால் அதைவிட, நம்பற மாதிரி இல்லை என்ற அந்தச் சொல். பதினெட்டு வயதுப் பையன் தலைக்கு மேலே அரைக் கட்டிட உயரத்துக்குத் துள்ளிப் பந்தைப் பிடிக்கிறான் நாலாம் பகுதியில். அதை நம்புகிறார்கள். ஒரு பெண் மண்மேட்டில் நின்று கையைச் சுழற்றினால் நம்ப முடியவில்லையாம். அந்த வயதில் என் வேலை முழுக்க அதுதான். அது நடக்கவே இல்லை என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது.

மே 9, வியாழன்

சோறு. நாள் முழுக்கச் சோறு வரைந்தேன்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். காப்பகத்தில் இரோஹாவின் கையில் சிவப்புச் சாயம் பூசி, அதை ஒற்றிக் கார்னேஷன் பூவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். குளிர்பெட்டி மேல் ஒட்டியிருக்கிறேன்.

ரியோஹெய் சமாதானம் சொல்ல வந்தான். "சோத்து உருண்டை வரையறதும் கஷ்டம்தானே? ஒவ்வொரு பருக்கையும் தெரியணும்."

"நீ ஆறு வருஷம் மருந்துப் படிப்பு படிச்சிட்டு வந்தப்புறம், கடை வாசல்ல மிட்டாய் வித்துக் குடுன்னு சொன்னா?"

"மிட்டாயும் விக்கறோமே. இருமல் மிட்டாய்."

சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம்.

அப்புறம் கேட்டான்: "சண்டை போட்டா வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" அவன் பயம் எனக்கும் உண்டு. எனக்கு ஒவ்வொரு தொடருக்கும் தனி ஒப்பந்தம். அடுத்த தொடருக்குக் கூப்பிடாவிட்டால் வேலைச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் இரோஹாவுக்குக் காப்பகத்தில் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் நான் வேலை தேடவே முடியாது. வளையம் மாதிரி. எங்கே பிடித்து இழுத்தாலும் கழுத்தில்தான் இறுகுகிறது.

மே 22, புதன்

முன்னோட்டம் வெளியானது. ஷிங்கோ மேட்டில் ஏறி, காலைத் தூக்கி, வீசுகிறான். வலது கால் ஊன்றும்போது விரல் சற்று உள்ளே திரும்புகிறது.

காப்பகத்துக்குப் போகிற வழியில், சைக்கிளை ஓரமாக நிறுத்தி, செல்போனில் பார்த்தேன். என் இடுப்பு. என் முழங்கை. பந்தை விட்ட பிறகு ஒரு நொடி இடது கை வலது தொடையில் வந்து தட்டுமே, அதுவும். என் உடம்பை உரித்து ஒரு பையனுக்குப் போர்த்திவிட்டிருக்கிறார்கள்.

கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். 'மொகாமியால்தான் முடியும்.' 'நிஜமாக வீசிப் பழகிய ஆணுக்குத்தான் இந்த இடுப்பு வரும்.' 'ஆண் உடம்பின் கனம் தெரிகிறது.'

ஆண் உடம்பின் கனம். இரோஹாவைப் பெற்று இரண்டு வருடம்கூட ஆகாத இடுப்பு அது.

மொகாமியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "நல்லா வந்திருக்குல்ல? உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்றார்.

"வெளியில சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? மாடலுக்கெல்லாம் பேர் போடற வழக்கம் இல்லையே." நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார். "ஷிங்கோ பேரு ஷிங்கோதானே."

பெண் வீசினால் நம்ப முடியாது. அதே வீச்சுக்குப் பையன் தலையை ஒட்டினால் உயிரோட்டம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், குழந்தைக்காரி, தூக்கம் இல்லை, எரிந்து விழுகிறாள் என்பார்கள். தூக்கம் இல்லைதான். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

மே 31, வெள்ளி

உருண்டை பிடிக்கும் தமாகியின் கை. இடது நடுவிரலின் ஓரத்தில் ஒரு காய்ப்பு வைத்தேன். பந்து தையலில் உரசி உரசி வருகிற காய்ப்பு. அவள் வீசுவதைக் காட்டாவிட்டால் போகட்டும், வீசிய கை இருக்கட்டும் என்று.

ஷாட் திரும்பி வந்தது. எங்கள் எல்லாருடைய படங்களையும் திருத்துகிறவர் கிதாமி; ஐம்பதைத் தாண்டியவர், அழிப்பதற்கென்றே பிறந்த கை. மேலே வைத்த மஞ்சள் தாளில் காய்ப்பு இல்லாமல் வரைந்து, ஓரத்தில் 'வழுவழுப்பாக' என்று எழுதியிருந்தார். மறுபடி காய்ப்போடு வரைந்து அனுப்பினேன். மறுபடி மஞ்சள் தாள்.

மூன்றாம் முறை அவரே வந்தார்.

"நீ கோபத்தைச் சோத்துல போட்டுப் பிசையற."

"தப்பா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கதைல அவ வீசலையே. வீசாதவ கைல எப்படிக் காய்க்கும்? பாக்கறவங்க அழுக்குன்னு நினைப்பாங்க."

"அப்போ கதைய மாத்துங்க."

"என்னை எதுக்குக் கேக்கற? நான் விரலத்தான் மாத்தற ஆளு." போகிறபோது என் மேஜையில் இருந்த இரோஹாவின் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "கோபத்த வீணாக்காத. விரல்ல போய்ச் செலவு பண்ணாத."

காய்ப்பு போய்விட்டது.

ஜூன் 6, வியாழன்

நெசு வந்தான். கடைசிப் பகுதி, கடைசிப் பந்து. மொத்தத் தொடரும் அந்த ஒரு வீச்சில்தான் முடிகிறது. மொகாமிக்கு மறுபடி படம் வேண்டுமாம்.

"சனிக்கிழமை ஒரு பத்து நிமிஷம், இரோஹாம்மா. குழந்தையவும் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

"மாட்டேன்."

"ஞாயிறு?"

"எந்தக் கிழமையும் மாட்டேன். என் தோள் வேணும்னா என் கைதான் வரையும். ரெண்டும் ஒரே உடம்புலதான் இருக்கு."

அவன் என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல நின்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "நான் நல்லதுக்குச் சொல்றேன். அடுத்த தொடருக்கு ஆள் எடுக்கற பேச்சு ஓடுது. இப்பப் போய் முரண்டு பிடிச்சா..."

நல்லதுக்கு. என் தோளைக் கேட்பதும் நல்லதுக்கு, என் ஷாட்டைப் பிடுங்கியதும் நல்லதுக்கு. எல்லாரும் எனக்கு நல்லதே செய்கிறார்கள்.

வீட்டில் இரவு, பாயருகே உட்கார்ந்தேன். இரோஹாவின் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் இடத்தை நான் பந்தயம் கட்டிவிட்டேனா என்று கேட்டேன். பதிலுக்கு என் மூக்கில் உதைத்தாள்.

ஜூன் 12, புதன்

மொகாமி தன் அக்கா மகனை வைத்துப் படம் பிடித்துவிட்டார். கல்லூரியில் ஆடுகிற பையன், நல்ல வீச்சாளன். ஆனால் வலது கை. அதனால் என்ன, கண்ணாடி போலத் திருப்பிப் போட்டால் இடது கை ஆகிவிடும் என்று, படத்தைத் திருப்பி வைத்து வரைந்துவிட்டார்.

மேஜையைத் தாண்டிப் போகும்போது முதல் வரைவுகளைப் பார்த்தேன். நின்றுவிட்டேன்.

கதையில் எதிரணி ஓட்டக்காரன் முதல் தளத்தில், அதாவது ஃபர்ஸ்ட் பேஸில், நிற்கிறான். எப்போது ஓடுவானோ என்று வீச்சாளன் அவனை நோட்டம் விட வேண்டும். வலது கைக்காரனுக்கு முதல் தளம் முதுகுப் பக்கம். தோளுக்கு மேலாகத் திரும்பித்தான் பார்ப்பான். இடது கைக்காரனுக்கோ முதல் தளம் முகத்துக்கு நேரே, நிமிர்ந்தாலே போதும். திருப்பிப் போட்ட படத்தில் ஷிங்கோ தோளுக்கு மேலாகத் திரும்பி, உயிரைக் கண்ணில் தேக்கி, மூன்றாம் தளத்தை முறைக்கிறான். மூன்றாம் தளத்தில் ஈ காக்கை இல்லை.

ஒருவருக்கும் தெரியவில்லை. தொகுரா 'அருமை' என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறார்.

வாயைத் திறக்கவில்லை. போகட்டும். அப்படியே ஒளிபரப்பாகட்டும். பேஸ்பால் தெரிந்தவர்கள் புகார் பண்ணட்டும். கமிட்டி அப்போது என்ன சொல்கிறது பார்ப்போம்.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. மொகாமியின் மேஜைப் பக்கம் இரண்டு தடவை போய்த் திரும்பினேன்.

ஜூன் 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

நல்லெண்ணம் எல்லாம் இல்லை. அந்தப் பையன் அப்படி அசட்டுத்தனமாக வெற்றுத் தளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒன்பது மாதம் சுமக்காவிட்டாலும் அவனுக்குத் தோள் கொடுத்தவள் நான்.

கூட்டத்தில் எழுந்து, ஒரு தாளில் மைதானம் போட்டுக் காட்டினேன். தொகுரா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொகாமியின் காது சிவந்தது.

"பொண்ணு வீசறத நம்ப முடியலன்னீங்க," என்றேன். "ஆளே இல்லாத இடத்த முறைக்கறவன நம்பினீங்க."

"ஒனுமா சான்," என்றார் தொகுரா.

"அன்னிக்குக் கமிட்டில அப்படிச் சொன்னப்ப, நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கை மேஜையைத் துழாவியது. மூடியைத் திருகவும் பாட்டில் இல்லை.

"ஒண்ணும் சொல்லல," என்றார்.

அந்த ஒரு பதிலுக்காக அவரை மன்னிக்க மாட்டேன், மதிக்கிறேன்.

"தமாகிய இனிமே திருப்பிக் கொண்டு வர முடியாது. ஒன்பதாம் பகுதிக்குக் குரல் பதிவே முடிஞ்சது. இந்தக் கடைசிப் பந்த வீசிக் காட்டறீங்களா?"

"வரையறேன். மாடலா வீசறதும் நானே, கேமராவும் நானே வச்சுக்கறேன். ஆறு மணிக்குக் கிளம்புவேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா ஷாட்டப் பிடுங்கக்கூடாது. பேரு ஷாட் வரைஞ்சவங்க வரிசைல வரணும்."

"மொகாமி?"

"எனக்கு வேற ஷாட் கிடக்கு," என்றார் மொகாமி ஜன்னலைப் பார்த்து. பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி: "மருமகன் நல்லாத்தான் வீசினான்."

"நல்லாத்தான் வீசினான். அடுத்த தொடர்ல வலது கைக்காரன எழுதச் சொல்லுங்க."

கிதாமி மட்டும் ஓரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒன்றும் அழிக்கவில்லை.

ஜூலை 3, புதன்

வரும் என்று தெரியும். முப்பத்தெட்டரை. இரண்டு நாளாக வீடு. ஷாட் பாதியில். இரோஹா தோளில் தூங்கினால்தான் தூங்குகிறாள், இடது தோளில். வலது கையால் வரைய வராது எனக்கு.

மதியம் அழைப்பு மணி. கதவின் சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நெசு.

"கொடுக்க மாட்டேன்," என்றேன், அவன் வாயைத் திறக்கும் முன்னால்.

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்கத்தானே வந்த?"

"கேக்கச் சொல்லி அனுப்பினாங்க. வழில யோசிச்சேன். கேட்டா நீங்க சங்கிலிக்கு உள்ளேருந்தே பந்து வீசுவீங்க." கைப்பிடியில் ஒரு பையை மாட்டினான். குழந்தைகளுக்கான ஜெல்லி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர். "திங்கள் வரைக்கும் தள்ளி வச்சிருக்கேன். ஆபீஸ்ல நீங்க முக்கால்வாசி முடிச்சிட்டதா சொல்லியிருக்கேன். பொய்யாக்கிடாதீங்க."

போன பிறகுதான் கவனித்தேன், நன்றி சொல்லவில்லை. சங்கிலியையும் எடுக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

ஷாட்டை முடித்துக் கொடுத்தேன். கிதாமியிடமிருந்து ஒரு மஞ்சள் தாள்கூட வரவில்லை. இரண்டு தடவை நெசுவிடம் கேட்டேன், தொலைத்துவிட்டாயா என்று.

ஆகஸ்ட் 31, சனி

ஒன்பதாம் பகுதி ஒளிபரப்பு. தமாகியின் கை வெண்ணெய் மாதிரி இருந்தது. பையன்கள் சாப்பிட்டார்கள், அழுதார்கள். இணையத்தில் எல்லாரும் அழுதார்களாம். 'இந்தச் சோற்றில் ஒரு தாய்மை' என்று ஒருவன்.

தொலைக்காட்சியை அணைத்தேன். இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று என்ன கட்டாயம்?

செப்டம்பர் 21, சனி

கடைசிப் பகுதி. ஷிங்கோ நிமிர்கிறான். முதல் தளத்து ஓட்டக்காரனை நேருக்கு நேர் பார்க்கிறான். ஓட்டக்காரனின் கால் தளத்தை நோக்கிப் பின்வாங்குகிறது. பிறகு கால் எழும்புகிறது, தோள் திறக்கிறது.

ரியோஹெய் இரோஹாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவன் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டான். "கோவமா இருக்கானே இவன்," என்றான்.

"ஆமா," என்றேன்.

இறுதியில் ஓடிய பெயர்களில் ஒனுமா சிதோசே என்று வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக, கண் சிமிட்டும் நேரம். வந்தது.

அரை மணியில் இணையம் நிரம்பிவிட்டது. 'கடைசிப் பந்து. மறுபடியும் மொகாமி.' 'மொகாமி கடவுள்.' மொகாமி அது தன் வேலை என்று சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒளிபரப்பு முடிந்ததும் அவரவர் இணையப் பக்கத்தில், 'இந்தப் பகுதியில் நானும் கொஞ்சம் கை கொடுத்தேன்' என்று போட வேண்டும். உயிரைக் கொடுத்து வரைந்திருந்தாலும் 'கொஞ்சம்'. எந்த ஷாட் என்று சொல்லக்கூடாது, அது தம்பட்டம். எல்லாரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள், ஒருவர் சொன்னதையே அச்சுப் பிசகாமல் இன்னொருவர்.

நானும் எழுதினேன். 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் தளத்தைப் பார்க்கிற மாதிரி. அழித்தேன்.

'கடைசிப் பந்தை வரைந்தவள் நான். வீசியவளும் நான். பள்ளியில் மூன்று வருடம் வீசினேன், முதுகில் எண் இல்லாமல். ஒனுமா சிதோசே.'

அனுப்பிவிட்டு, போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, காப்பகத் துண்டுகளை ஊறப்போட்டேன். சான்றிதழ், இடம், வளையம்... எல்லாம் ஒரு சுற்று வந்து போயிற்று. அழிக்கலாமா? அழிக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

தொகுரா கூப்பிட்டார். "கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா 'கொஞ்சம்'னு சேக்கச் சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்," என்று ஒத்துக்கொண்டார். கமிட்டியிலிருந்து போன் வந்ததாம். இந்தத் தடவை ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "வீசினது அவங்கதான், நான் பாத்தேன்னு சொன்னேன்." அதைச் சொல்ல அவருக்கு இத்தனை மாதம் பிடித்திருக்கிறது. அடுத்த தொடருக்கு ஜனவரியில் வரச் சொன்னார். சான்றிதழில் அலுவலக முத்திரை விழுந்தது. மொகாமி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாடு.

இணையத்தில் திட்டியவர்களும் உண்டு. 'விளம்பரம் தேடுகிறாள்.' 'பெண் வீசினாளாம், நம்பிவிட்டோம்.' நம்பாதே, போ.

நடுவில் ஒரு செய்தி. அகிதாவில் ஒரு பள்ளி மாணவி. அவளும் ஆண்பிள்ளைகள் குழுவில் பயிற்சிப் பந்து வீசுகிறாளாம். பாராட்டெல்லாம் இல்லை, ஒரே ஒரு கேள்வி: 'மார்ச்சில் பள்ளி முடிகிறது. டோக்கியோவுக்குப் படிக்க வருகிறேன். அதற்கப்புறம் நாமெல்லாம் எங்கே வீசுவது?'

எனக்குத் தெரியவில்லை. பள்ளி முடிந்த நாளோடு நான் நிறுத்திவிட்டேன். எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றியதில்லை. தெரியாது என்று எழுத விரல் வரவில்லை. அவள் கேட்டதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

தேடிக் கண்டுபிடித்துவிட்டேன்: தாமா ஆற்றங்கரை, பாலத்துக்குக் கீழே இரண்டாவது மைதானம். பெண்கள் குழு, ஞாயிறு காலை, யார் வேண்டுமானாலும் வரலாம். அகிதாப் பெண்ணுக்கு முகவரியை அனுப்பிவிட்டேன். பார்க்காமல் அனுப்பக்கூடாது என்று முதலில் நானே போய் வந்தேன். ரியோஹெய் இரோஹாவைப் பார்த்துக்கொண்டான். போகும்போது சோற்று உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தான், அச்சு இல்லாமல்.

பல் பிடுங்கும் டாக்டர், பஸ் ஓட்டுகிறவர், மூன்று பேரன்கள் உள்ள ஒரு அம்மாள். குழுத் தலைவி வெயிலில் கறுத்த முகத்தோடு, கணுக்கால் வரை மண்ணோடு வந்தார். பேரைக் கேட்கவில்லை. என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா, ஒன்றும் கேட்கவில்லை.

"எந்தக் கை?"

"இடது."

"எங்ககிட்ட இடது இல்ல. மேட்டுக்குப் போ."

போனேன்.